மடக்கி அயச்ச கடிதம்

அத்தியாயம் 6

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் தங்கியிருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, நவநீத் என்ற மென்பொருள் பொறியாளன் வடக்கே போகும் ரயிலில் ஏறினான். அதே கம்பெனியில் வேலை பார்த்த ஸ்ரீலக்ஷ்மிக்கும் அவனுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. ரயில் கிளம்புமுன் அவள் போனுக்கு ஒரு வரி வந்தது. 'இந்தக் கல்யாணம் வேண்டாம், காரணம் கேட்காதே.'

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மழை நாள் காலை, அந்தக் காரணத்தைத் தேடித் தரச் சொல்லி ஸ்ரீலக்ஷ்மி வலியசாலையில் பாத்திரக்கடை மாடியிலிருந்த சாவித்ரியின் அலுவலகப் படி ஏறி வந்தாள். பன்னிரண்டே படிதான் இருக்கும். மேலே வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

சாவித்ரி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டியெடுக்கும் வேலையில் தலை நரைத்தவள். ஓய்வு பெற்றதும் அதே வேலையைச் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு உதவியாளன் லிங்கராஜ். தென்காசிப் பக்கத்துக்காரன். ஸ்கூட்டர் ஓட்டுவது, ஆள் தேடுவது, வாய் பேசுவது மூன்றும் அவன் பொறுப்பு. மூன்றாவதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

"டீ சொல்லட்டா? இந்த முக்குக் கடை டீய குடிச்சா எந்தக் கவலையும் மறந்துரும். டீயப் பத்தின கவலை மட்டுந்தான் நிக்கும்," என்றான்.

ஸ்ரீலக்ஷ்மி சிரிக்க முயன்றாள். "வேண்டாம். எது குடிச்சாலும் வயத்தைப் பிரட்டறது."

சன்னக் குரல். வெளிறிய முகம். செருப்பின் வார் பதிந்த தடம் பாதத்தில் பள்ளமாக இருந்தது. காதல் தோல்வி மனுஷியை எப்படி உருக்கிப்போடுகிறது பார் என்று லிங்கராஜ் நினைத்துக்கொண்டான்.

"சண்டை ஏதாவது?" சாவித்ரி கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லை, மாமி. ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தோம். எம்ப்ளாயி நம்பர்கூட அடுத்தடுத்து. அன்னிக்கு ஐடி கார்டைத் தப்பா மாத்திக் குடுத்துட்டா. அதைத் திருப்பிக் குடுக்கப் போய்த்தான் பேசினோம்."

"அவன் ஆத்துல?"

"நவநீத்தோட அப்பா கல்யாணராமன் மாமாவுக்கு அவர் இருக்கற எடம் தெரியும். ஆனா சொல்லப்டாதுன்னு சத்தியம் வாங்கிண்டு போயிருக்கார். காரணம் மாமாவுக்கே தெரியாது. பாவம், அவரே ஒரு பிள்ளையைத் தூக்கிக் குடுத்தவர். நவநீத்தோட அண்ணா. கிட்னி போய் நாலு வருஷம் டயாலிசிஸ். கூட்டிண்டு போறதும் கூட்டிண்டு வர்றதும் நவநீத்தான். மன்னிக்கு அப்போ இருபத்தெட்டு வயசு."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து மேஜையில் வைத்தாள். "நான் படிக்கக் குடுத்த புஸ்தகம். போனப்புறம் கூரியர்ல வந்தது. ஒரு வார்த்தை எழுதலை. நான் இதைத் திறக்கவே இல்லை. ஹாஸ்டலைக் காலி பண்ணிண்டு லீவு போட்டுட்டு கரமனைல அம்மாகிட்ட வந்துட்டேன். எனக்கு அவர் திரும்பி வரணும்னுகூட இல்லை, மாமி. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சாப் போறும்."

அவள் படியிறங்கிப் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

சாவித்ரி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். நடுப்பக்கத்திலிருந்து இரண்டு காகிதத் துண்டுகள் விழுந்தன. விரலில் பாதி அகலம். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் பல் பல்லாகவும் இருந்தன.

லிங்கராஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "இந்தத் தொழிலுக்கு வந்தா துப்பாக்கி கிடைக்கும்னு எங்கம்ம சொன்னா. துண்டுக் காயிதம்லா கிடைக்கு."

"அந்தத் துண்டைத் தடவிப் பாரு. மேல கனம் எவ்வளவு, கீழ எவ்வளவு?"

தடவினான். "மேல தடிமனா இருக்கு. கீழ மெலிசு."

"மேல மூணு தாள் ஒட்டியிருக்கு. கீழ ரெண்டு. கோந்து தடவின ஈரச் சுருக்கம் எங்கயும் இல்லை. கவர் இல்லாம கடிதம் வரும், பாத்திருக்கியோ? பேங்க்ல ரகசிய நம்பர் அனுப்புவாளே. தாளையே மடிச்சு, மெஷின்ல அழுத்தி ஒட்டிடுவா. அழுத்தறப்போ மட்டும் பிடிக்கற பசை, தாள்லயே இருக்கும். ஓரத்தைக் கிழிச்சாத்தான் பிரியும்."

"அப்ப அவருக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு."

"ஆமாம். புஸ்தகம் படிச்சிண்டிருக்கறப்போ வந்திருக்கு. கிழிச்ச ஓரத்தை அந்தப் பக்கத்துல அடையாளமா வச்சான். லெட்டரைப் படிச்சான். அப்புறம் அந்தப் புஸ்தகத்துல ஒரு பக்கம்கூட நகரலை."

லிங்கராஜ் துண்டைக் கீழே வைத்தான். "அந்தப் பிள்ளைகிட்டயே இதைக் காட்டிக் கேட்டா என்ன?"

"ஒவ்வொரு துண்டாக் காட்டி ஒவ்வொரு தரம் அழ வைக்கணுமோ? முழுசாத் தெரிஞ்சுண்டு போலாம்."

நல்ல மனசோடு சொன்ன சொல். அதற்கு இரண்டு நாள் செலவாயிற்று.

*

சாலைக் கடைத்தெருவில் சொரிமுத்து ஆபீஸ் மெஷின்கள் விற்கிறவர். ஈரக் குடைகளுக்கு நடுவே அவர்களை உட்காரவைத்து, மடித்து ஒட்டும் மெஷின் என்றதுமே ஆரம்பித்தார்.

"அழுத்து சீல் மெஷினா? மாசம் எத்தன கடுதாசி போடுவீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல. ஆயிரம் ரெண்டாயிரம்னா மேஜை மேல வைக்கிறது போதும். அதுக்கு மேல போச்சுன்னா தரையில நிக்கிறதுதான். சின்னத வாங்கி நாள்பூரா ஓட்டுனா ஆறே மாசத்துல ரோலர் தேஞ்சிரும். பொறவு சீலு வாயைப் பொளக்கும், ஊருபூரா படிப்பான். பெருச வாங்கிச் சும்மா போட்டீங்கன்னா, அது சோறு போடாத மாட்டைக் கட்டிவச்ச மாதிரி."

"மடிப்பு?" சாவித்ரி கேட்டாள்.

"அங்கதான் விசயமே. தாளுல பசை எங்கங்க இருக்கோ, அதுக்குப் பொருந்துற மடிப்பு மெஷின்ல இருக்கணும். பாதியா மடிக்கது ஒண்ணு, சி மாதிரி ஒண்ணு, இசட் மாதிரி ஒண்ணு. பொருந்தலைன்னா உள்ள இருக்க வேண்டிய சங்கதி வெளிய வந்து நிக்கும்."

"ஜாதகம் பாக்க மாதிரில்லா பாக்கீங்க, அண்ணாச்சி," என்றான் லிங்கராஜ்.

"அதவிடக் கஷ்டம், தம்பி. இதுல திருப்பி எடுக்க வழியே கெடையாது. ஒருக்க அழுத்துனா அழுத்துனதுதான்."

சாவித்ரி கைக்குட்டையைப் பிரித்துத் துண்டை நீட்டினாள். சொரிமுத்து கட்டைவிரலால் நீவினார்.

"மூணு, பொறவு ரெண்டு. நீளத் தாளு. சமமில்லாம மடிச்ச இசட். நான் இதக் கோணல் இசட்டும்பேன். எனக்குத் தெரிய இந்த ஊர்ல இது ஒரே ஒரு ஆளு வாங்கியிருக்காரு. ஆரியசாலை யோசுவா. எதுக்கு உங்களுக்குன்னேன். லேப் ரிப்போர்ட்டு நீளமா வரும்னாரு."

சாவித்ரி எழுந்துவிட்டாள்.

"மாமி, மெஷின்?"

"பொருத்தம் பாத்துச் சொல்றேன்."

*

யோசுவாவின் இடம் ஆரியசாலையில் ஒரு மல்லி, மிளகாய் மொத்தக்கடைக்கு மேலே. கம்பெனிகளின் மொத்தத் தபாலை அச்சடித்து, மடித்து, ஒட்டி அனுப்பும் வேலை. கீழே தும்மிக்கொண்டே படியேறினால் மேலே ஏசி அறை. மனுஷருக்கு அல்ல, தாளுக்கு. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள் மெஷினுக்குள் இரண்டிரண்டாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். சிவகாசியிலிருந்து மே மாதம் வேலைக்கு வந்த வீரபாண்டி தாள் கட்டை விசிறிப் பிரித்து, தட்டிச் சமப்படுத்தி, மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வெறும் தாள் போய் மறுபக்கம் கடிதமாக விழுந்தது.

யோசுவா நெய்யாற்றின்கரைக்காரர். பேச்சில் மலையாளமும் தமிழும் பாதிப் பாதி.

"கஸ்டமர் காரியம் வெளியில பறயான் பற்றத்தில்லை, மாமி."

"வேண்டாம் சேட்டா, சொல்லண்டா," என்றான் லிங்கராஜ். "நான் ஒரு கம்பெனி பேரச் சொல்லுதேன். ஜூலை மாசம் அந்த ஆளுகளுக்கு இங்கருந்து லேப் ரிப்போர்ட் போகலைன்னா தலைய ஆட்டுங்க. போயிருந்தா சும்மா வேர்த்து வழிஞ்சிட்டு இருங்க." கம்பெனிப் பெயரைச் சொன்னான்.

ஏசி அறையில் யோசுவாவுக்கு வேர்த்தது.

"யோசுவா," சாவித்ரி மெதுவாகச் சொன்னாள், "ஒரு கல்யாணம் நின்னுபோயிருக்கு."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அது ஒரு தெற்று பற்றிப்போச்சு, மாமி. ஆபீஸ்ல எல்லார்க்கும் ஹெல்த் செக்கப். லேப்காரங்க குடுத்த ஷீட்டுல பேரு ஒரு வரி, ரிசல்ட்டு அதுக்கு அடுத்த வரி. ஒவ்வொருத்தன் பேருக்கு நேரா அடுத்த நம்பர்காரனோட ரிசல்ட்டு ப்ரின்ட் ஆயிப்போச்சு. சீல் போடறதுக்கு முன்னாலேயே அவங்க கண்டுபிடிச்சு என்னெ போன்ல விளிச்சாங்க. நான் அன்னைக்குக் கொல்லத்தில. உடனே இவனெ விளிச்சுப் பறஞ்ஞேன். இவன் கேட்டாத்தானே."

மெஷின் நின்றது. வீரபாண்டி திரும்பினார்.

"கேட்டேன், மொதலாளி. நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்."

"நான் என்னா பறஞ்ஞேன்?"

"'ஆ கெட்டு மடக்கி அயச்சேக்கு'ன்னீங்க. கட்டை எடுத்தேன். மடக்கினேன். அயச்சேன். அன்னைக்குத் தபால்லயே சேக்கணுமேன்னு சாப்பிடக்கூடப் போகல."

லிங்கராஜுக்குச் சிரிப்பு பீறிட்டது. மலையாளத்தில் மடக்கி அயப்பதென்றால் திருப்பி அனுப்புவது. சிவகாசிக்காரருக்கு மடக்குவதென்றால் மடிப்பது. அதுவும் மடித்து ஒட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் போனில் சொன்னால் வேறு எது தோன்றும்?

"சேட்டா, இவரு உங்ககிட்ட சம்பளத்த மடக்கிக் கேட்டா என்ன செய்வீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. யோசுவா வாயைத் திறந்தபடி வீரபாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்று இத்தனை நாள் தினமும் ஏசியிருக்கிறார். எதற்கு ஏச்சு விழுகிறது என்று வீரபாண்டிக்கு இந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவர் மெஷினின் தட்டைப் பிடித்துக்கொண்டார். "தப்பான ரிப்போர்ட்டா, மொதலாளி, நான் அனுப்பினது? ஆசுபத்திரிக் கடுதாசியா?"

யோசுவா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"திருத்தின ரிப்போர்ட் அனுப்பினேளோ இல்லையோ?" சாவித்ரி கேட்டாள்.

"ஜூலைக் கடைசியில. எல்லார்க்கும் கிட்டியாச்சு. ரெண்டெண்ணம் மாத்திரம் ஆளில்லைன்னு மடங்கி வந்நு. லேப்காரங்க வந்து வாங்கிக்கறோம்னாங்க. வரல்ல."

ஜன்னலோரத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு கடிதங்கள், ஒரே ரப்பர் பேண்ட். சீல் உடையவில்லை. மேலே இருந்தது நவநீத்துடையது. கழக்கூட்டம் விலாசம் அடிக்கப்பட்டிருந்தது. அடுத்தது ஸ்ரீலக்ஷ்மியுடையது. பெண்கள் ஹாஸ்டல். அங்கேயும் ஆள் இல்லை.

"பாருங்க மாமி, லெட்டருகூட ஜோடியாத்தான்..." என்று தொடங்கிய லிங்கராஜ் நிறுத்தினான்.

சாவித்ரி இரண்டு விலாசங்களுக்கும் மேலே அச்சாகியிருந்த எம்ப்ளாயி நம்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காரணம் ஒரு வழியாகக் கிடைத்தது. அண்ணனைப் பறிகொடுத்தவனுக்கு, தன் பெயர் போட்ட தாளில் அதே வியாதி. இன்னொரு தரம் பரிசோதிக்கக்கூடத் தோன்றியிருக்காது. என்றைக்காவது வரும் என்று எதிர்பார்த்திருந்த கடிதம்தானே. மன்னிக்கு ஆனது இவளுக்கு ஆகக் கூடாது என்று ரயிலேறிவிட்டான்.

"அவருக்கு ஒண்ணுமில்ல. அப்படித்தானே, மாமி? அவரு படிச்சது அவரோட ரிசல்ட்டே இல்ல." லிங்கராஜின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "அடுத்த நம்பரோடது."

"ஆமாம், லிங்கம்."

படியேறி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். எது குடித்தாலும் பிரட்டும் வயிறு. பாதத்தில் பதிந்த பள்ளம். எல்லாவற்றையும் இரண்டு பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் காதல் என்று பெயர் வைத்தார்கள்.

*

கரமனை வீட்டில் ஸ்ரீலக்ஷ்மியே கதவைத் திறந்தாள். செருப்பில்லாத கால்கள் வீங்கி, விரல்கள் மினுமினுவென்று இருந்தன.

சாவித்ரி சுற்றி வளைக்கவில்லை. பேர் ஒரு வரியும் முடிவு ஒரு வரியுமாக மாறிப்போனதை, ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஆனதை, அவனுக்குப் போன கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்பதைச் சொன்னாள்.

"அப்போ அவருக்கு ஒண்ணுமில்லையா?"

"அவனுக்கு ஒண்ணுமில்லை."

ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாள். அவள் முழுசாகச் சிரித்து லிங்கராஜ் பார்த்தது அந்த ஒரு தரம்தான். "அசடு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்டாதா? ஐடி கார்டு மாதிரி இதையும் மாத்திக்..."

அங்கே நின்றுவிட்டாள். பொறியியல் படித்தவள். ஒரு வரி நகர்ந்தால் எது எங்கே போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவித்ரியின் கையிலிருந்த தன் கடிதத்தை வாங்கினாள். இடது ஓரத்தைக் கிழித்தாள், வலது ஓரத்தைக் கிழித்தாள், மேல் ஓரத்தைக் கிழித்தாள். மூன்று துண்டுகளையும் ஊஞ்சல் பலகைமேல் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துவிட்டுத் தாளைப் பிரித்தாள்.

உள்ளே குக்கர் விசிலடித்தது. அவள் அம்மா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழுது அழுது கால் வீங்கிடுத்துன்னு அம்மா சொல்லிண்டிருந்தா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. பிறகு, "நான் என்ன தப்புப் பண்ணினேன்னுதானே கேட்டேன். ஒண்ணும் பண்ணலை. இல்லையா, மாமி?"

"ஒண்ணும் பண்ணலைடி, கொழந்தே."

"போறும்."

"நாளைக்குக் கார்த்தாலயே மெடிக்கல் காலேஜுக்குப் போலாம். நானும் வரேன். இதெல்லாம் வச்சுண்டு வாழறவா எத்தனையோ பேர் இருக்கா." சாவித்ரி நவநீத்தின் கடிதத்தைக் காட்டினாள். "இதைக் கல்யாணராமன்கிட்டக் குடுத்தா அவனுக்குப் போய்ச் சேரும்."

"அனுப்புங்கோ. தனக்கு ஒண்ணுமில்லைன்னு அவருக்குத் தெரியணும். ஆனா லெட்டரை மட்டும். எப்படி மாறித்து, யாரோடது யாருக்குப் போச்சு, ஒரு வார்த்தை வேண்டாம்."

"கேட்டான்னா?"

"லேப்ல தப்பு, அவ்வளவுதான். நாலு வருஷம் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்தவர், மாமி. அந்த நாற்காலில அவரை மறுபடி உக்கார வைக்க மாட்டேன்."

"அவரு உங்களுக்கு இதைத்தான் செஞ்சாரு," என்றான் லிங்கராஜ். குரலில் கேலி இல்லை. "உங்களுக்கு எப்படி வலிச்சுது?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஊஞ்சல் பலகைமேல் கிடந்த மூன்று துண்டுகளையும் கையில் சேர்த்தெடுத்தாள்.

"அவர் வந்தா மடக்கி அயச்சுடுங்கோ," என்றாள்.

*

கடிதம் கல்யாணராமன் வழியாக நவநீத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செப்டம்பர் 9, திங்கட்கிழமை அவன் திருவனந்தபுரம் வந்து இறங்கினான். ஸ்டேஷனிலிருந்து நேராகக் கரமனைக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வரி வந்தது. 'இந்தக் கல்யாணம் வேண்டாம், காரணம் கேட்காதே.'

மறுநாள் காலை, ஸ்ரீலக்ஷ்மிக்கு முதல் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நேரத்தில், வலியசாலையில் பாத்திரக்கடை மாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நவநீத் ஒரே மூச்சில் ஏறி வந்தான். ஆரோக்கியமான ஆள். துப்பறிகிறவர்கள் இங்கே இருப்பதாகக் கடைக்காரர் யாரோ சொன்னாராம். கல்யாணம் செய்துகொள்ளவிருந்த பெண் காரணம் சொல்லாமல் விலகிவிட்டாள், அந்தக் காரணத்தைத் தேடித் தர வேண்டும் என்றான்.

"நான்தான் முதல்ல தப்புப் பண்ணினேன். அதுக்குக் கோபமா, இல்லை வேற ஏதாவதான்னு மட்டும் தெரிஞ்சாப் போறும், மாமி."

லிங்கராஜ் எழுந்து டீ சொல்லப் போனான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். மேஜையில் அந்தத் தடித்த நாவல் கிடந்தது. சாவித்ரி அதன்மேல் ஒரு செய்தித்தாளை இழுத்து வைத்தாள்.

அந்தக் கேஸை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.